ஓடக் கூடாத எஞ்சின்

உழைப்பாளிக்கு இந்த உலகம் செய்த மரியாதைகளில் தலையாயது, ஒன்பது வருஷம் கான்ட்ராக்டில் தேய்ந்தவனை இரண்டு நாள் கலையோடு தங்கவைப்பதே. அந்தப் பெரும்பேறு, ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனி ஒன்றின் மெயின்டனன்ஸ் ஃபிட்டர் டில்லிபாபுவுக்கு வாய்த்தது.

"பர்மனென்ட் ஆர்டர் டைப் ஆயிடுத்து. திங்கட்கிழமை கையெழுத்து," என்றார் எச்.ஆர். மேனேஜர் ஸ்ரீகிருஷ்ணா. "அதுக்கு முன்னாடி கம்பெனி உங்களைக் 'கௌரவிக்க' முடிவு பண்ணியிருக்கு. சேரப்பணஞ்சேரியில ஒரு பண்ணை வீடு. நூத்தம்பது வருஷப் பழசு. ரூமுக்கு ரூம் ஆர்ட். ஓனர் மேதா மேடம் டைரக்டருக்கு வேண்டியவங்க. அவங்க உங்களைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்லணும், அவ்வளவுதான்."

"சார், அந்த ஆர்டர இப்பவே குட்த்துட்டீங்கன்னா..."

"கௌரவத்துல அவசரப்படக் கூடாது டில்லிபாபு."

சனிக்கிழமை மனைவி மெர்சியோடு ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினான். வீட்டின் பெருமையை என்னவென்று சொல்ல! கதவு சாத்தாது; சாத்தாததுதான் 'பாரம்பரியம்'. கட்டிலில் சிமென்ட் மனிதன் ஒருவன் நிரந்தரமாகப் படுத்திருந்ததால் இவர்களுக்குப் பாய். சாப்பாட்டு அறையில் ஒன்றுமே வரையாத வெள்ளைத் துணி ஒன்று சட்டத்துக்குள் தொங்கியது. அதன் பெயர் 'பசி'. அதற்கு எதிரே உட்காரவைத்து, மண் குவளையில் கேழ்வரகுக் கூழ் கொடுத்தார்கள்.

"இன்னாய்யா இது? வூட்ல தெனம் இத்ததான குடிக்கிறோம்?" என்றாள் மெர்சி.

"கம்முனு குடி. இங்க இது ஆர்ட்டு. திங்கக்கெழம வரிக்கும் வாயத் தொறக்காத."

"நீ கைய வச்சிக்கினு சும்மா இரு. அது போதும்."

ஞாயிறு காலை கிணற்றடிக்குப் போனவன் அப்படியே நின்றான். துருவேறிய ஆயில் எஞ்சின் ஒன்று, தலைக்கு மேல் தனி விளக்கோடு வீற்றிருந்தது. கழுத்தில் ஒரு பலகை: 'தொடாதீர்கள்'.

டில்லிபாபுவின் பிளான்ட்டில் மிஷின் படுத்துவிட்டால் முதலில் அந்தப் பலகையைத்தான் மாட்டுவார்கள். அடுத்து ஃபிட்டரைக் கூப்பிடுவார்கள். மற்ற எல்லோருக்கும் 'தொடாதீர்கள்' என்றால், அவனுக்கு மட்டும் 'சீக்கிரம் வா' என்று பொருள். ஒன்பது வருஷமாக அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு அவன் சும்மா போனதில்லை.

பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தான். டீசல் பீய்ச்சும் நாசிலைக் கழற்றி ஊதினான். வீட்டு ஜெனரேட்டருக்கு வைத்திருந்த கேனிலிருந்து டீசல் ஊற்றினான். எட்டரை மணிக்கு ஹேண்டிலைச் சுற்ற, எஞ்சின் நாலு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. புகை நேராக உள்ளே போய் 'பசி'யின் மேல் படிந்தது. குழாயில் தண்ணீர் கொட்டியது. மெர்சி துணி துவைக்க உட்கார்ந்துவிட்டாள்.

மேதா தலைவிரிகோலமாக ஓடிவந்தார்.

"என்ன பண்ணிட்டீங்க?"

"ரெடி பண்ட்டேன் மேடம்! செம கண்டிஷன். இன்னும் பத்து வருசம் ஓடும்."

"ஓடுமா? அது ஓடாம நிக்கறதுதாங்க ஆர்ட்! பதினேழு வருஷ மௌனம்!"

"அவ்ளோதான? நிறுத்திட்டா போச்சு."

"இனிமே நிறுத்தி என்ன? இப்ப இது வெறும் எஞ்சின்!" என்று படியில் உட்கார்ந்து அழுதார்.

திங்கட்கிழமை விசாரணைக் கூட்டம் முறைப்படி நடந்தது. 'தொழிலாளி, விடுமுறை நாளில், அனுமதியின்றி, ஒரு எந்திரத்தை வேலை செய்யவைத்தார்' என்று குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டது.

"சார், ரிப்பேர் பண்றதுதான என் வேலை?"

"வேலைதான். அதைக் கேட்டுண்டு செய்யணும்," என்றார் ஸ்ரீகிருஷ்ணா. டைப் ஆன ஆர்டரை நிதானமாக நாலாகக் கிழித்தார். கான்ட்ராக்டும் இன்றோடு முடிகிறது என்று ஒரு தாளை நீட்டினார். பிறகு மேஜைமேல் இருந்த போனில் மேதாவை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, கம்பெனியின் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்தார்.

"வருத்தம் இருக்கட்டும் சார். அந்த எஞ்சினை எடுத்தாச்சு, கிணத்தடி இப்ப காலியா கிடக்கு," என்றது போன். "அதே மாதிரி ஒண்ணு வேணும். வருஷக்கணக்கா உழைச்சிருக்கணும், நல்லா தேஞ்சிருக்கணும். ஆனா ஓடக்கூடிய நிலையிலேயே தூக்கிப் போட்டிருக்கணும். நேத்துலேருந்து தேடறேன், கிடைக்கலை."

ஸ்ரீகிருஷ்ணா டில்லிபாபுவை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்ககிட்டேருந்து மாசா மாசம் வெளியே போறது மேடம். உங்களுக்கு எத்தனை வேணும்?"