தாய்மாமன் வராமை குறித்து

சேசு மரி சூசை துணை

சித்திரபுரம்

முதலமடை மாந்தோப்பில் நலத்தோடும் என்மேல் கோபத்தோடும் இருக்கும் அன்புள்ள மச்சான் அருளப்பன் அவர்களுக்கு, உங்கள் தங்கை ரோசியின் வீட்டுக்காரன் சுவக்கீன் எழுதுவது. இங்கே நான், ரோசி, மகள் ஜின்சி மூவரும் சுகம். உங்கள் சுகத்துக்காகவும் தோப்பின் காய்ப்புக்காகவும் ஆண்டவரை மன்றாடுகிறோம்.

விஷயம் என்னவென்றால், ஜின்சிக்குக் கல்யாணம் கூடிவிட்டது. கோயிலில் பூசை நேரத்தில் கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாகிவிட்டது. தாய்மாமன் மாலை போடாமல் நம் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் கோயில் படி ஏறியதில்லை. நீங்களோ போன திருவிழாவில், உங்கள் மாம்பழம் புளிக்கிறது என்று நான் பந்தியில் சொன்னதற்காகப் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு என் போனையும் எடுப்பதில்லை. "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தது நீங்க, நீங்களே எழுதிக் கூப்பிடுங்க" என்று ரோசி சொல்லிவிட்டாள்.

எழுதினேன். எனக்கே பிடிக்கவில்லை. அப்போதுதான் ஜின்சி தன் போனில் ஏஐ என்று ஒன்றைக் காட்டினாள். நாம் எழுதியதைக் கொடுத்தால் வாக்கியத்தை மாற்றித் தருமாம், எழுதினவர் சாயல் மட்டும் மாறாதாம். அதெப்படி, ஒருவர் வைத்த குழம்பை இன்னொருவர் மறுபடி கொதிக்கவைத்தால் ருசி மாறாதா என்று கேட்டேன். "பாருங்கப்பா" என்றாள். அதுவும் மரியாதையாகத்தான் கேட்டது, உங்கள் நடை தெரிய வேண்டும், முன்பு எழுதியது ஏதாவது கொடுங்கள் என்று. டீ பேக்டரியில் யூனியன் செயலாளராக இருந்தவன் வேறென்ன எழுதியிருப்பேன் மச்சான், லயத்து வீட்டுக் கூரை ஒழுகுது, கம்பளி இன்னும் வரல, இந்த மனுக்கள்தான். அத்தனையையும் படம் பிடித்துக் கொடுத்தாள். வந்தது பாருங்கள்:

"பொருள்: தாய்மாமன் வராமை குறித்து. கடந்த திருவிழா முதல் தாங்கள் எங்கள் இல்லத்தைப் புறக்கணித்து வருவது வன்மையாகக் கண்டிக்கத்தக்கது. உடனடியாக மாலையுடன் வந்து சேருமாறு கோருகிறோம். தவறினால் மணப்பெண் உட்படக் குடும்பத்தார் அனைவரும் காலவரையற்ற உண்ணாவிரதத்தில் இறங்க நேரிடும்."

ரோசி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ சிந்திவிட்டது. "இதுல மிஷினு எங்க இருக்கு? பொண்ணு கேட்டு வந்தப்பவும் எங்கப்பாகிட்ட நீங்க இப்பிடித்தான பேசுனீங்க" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கொஞ்சம் பாசமாக மாற்று என்றேன். உடனே, இதயம் கனிந்து, விழிகள் பூத்து உங்கள் வருகைக்காகக் காத்திருக்கிறோம் என்று எழுதிவிட்டது. "அண்ணன் பாத்தா உங்களுக்கு ஏதோ சீக்குன்னு பயந்துரும்" என்று அதையும் தள்ளிவிட்டாள்.

ஆனாலும் எனக்கு அதை விட மனசில்லை. விட்டேனா, கேட்டுக்கிட்டே இருந்தேன். கடைசியில் அது என்னைக் கேட்டுச்சு: இவரிடம் நேரில் எப்படிப் பேசுவீர்கள், ஒரு வாக்கியம் சொல்லுங்கள். யோசிச்சுப் பாக்குறேன், உங்ககிட்ட நான் கடைசியாப் பேசுனது அந்தப் புளிப்புதான் மச்சான். அதக் குடுத்தா என்னத்த எழுதும்? போனை ஜின்சியிடமே கொடுத்துவிட்டேன்.

ஆகவே நானே பேனாவால் எழுதுகிறேன். சமரசத்துக்கு வருகிறேன். உங்கள் பழம் இனிப்புதான் என்று இதன்மூலம் ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் வந்து மாலை போட வேண்டும். நீங்க இல்லாம எனக்குப் பந்தியில் சோறு இறங்காது.

அந்தோணியார் உங்களையும் மாமரங்களையும் பூச்சி அண்டாமல் காப்பாராக.

இப்படிக்கு,
சுவக்கீன்

பி.கு.: உறையை ஒட்டும்போது வாசலில் ஜீப்பு சத்தம். பார்த்தால் நீங்கள். ஜின்சி அந்த முதல் மனுவை என்னிடம் சொல்லாமலே உங்கள் போனுக்கு அனுப்பியிருக்கிறாள். "கோரிக்கைய ஏத்துக்கிட்டேன், உண்ணாவிரதம் வேண்டாம். வாசிக்கும்போதே மாப்ள நேர்ல நின்னு கத்துற மாதிரி இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தீர்கள். இப்போது அடுப்படியில் ரோசியோடு டீ குடித்துக்கொண்டிருக்கிறீர்கள். இதை வாயால் சொல்ல எனக்கு வராது, அதனால் கடிதத்தைக் கையிலேயே தருகிறேன். நீங்கள் கொண்டுவந்த பெட்டியைத் திறந்து ஒரு பழம் தின்று பார்த்தேன். மேலே இனிப்பு என்று ஒப்புக்கொண்டதை வாபஸ் வாங்குகிறேன். புளிப்புதான் மச்சான். ரெண்டாவது பழம் தின்றுகொண்டிருக்கிறேன்.