தட்டுக்கு அடியில் சிவப்புப் பொட்டு

நான் முட்டாள் என்பதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினோரு நாள் ஆனது. என் மனைவி வாசுகிக்கு அது முதல் நாளே தெரிந்துவிட்டது.

மெர்சிங்கிலிருந்து வாசுகியின் அண்ணன் ஒரு பயிற்சிக்காக வந்து, பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டில் இரண்டு வாரம் தங்கினார். வந்த அன்றே எங்களை உட்கார வைத்து, தனக்கு எச்.ஐ.வி. இருப்பதையும், நாள் தவறாமல் மாத்திரை சாப்பிடுவதையும் சொன்னார். (அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.)

"ஒங்ககிட்ட மறைக்க மனசு வரல, மாப்ள."

நான் பெரிய மனிதன் மாதிரி அவர் தோளைத் தட்டினேன். (தட்டிவிட்டு நேரே போய்க் கை கழுவினேன். சோப்புப் போட்டு, ரெண்டு தடவ.)

தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. குறையுள்ள சரக்கில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனியே வைப்போம். அந்த மூளையை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். எங்கள் வீட்டுத் தட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அதனால் மச்சான் சாப்பிட்ட தட்டுக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டினேன். ஒவ்வொரு வேளையும் தட்டைத் திருப்பிப் பார்த்த பிறகே சோறு போட்டுக்கொண்டேன். அவர் குளித்துவிட்டு வந்தால் குளியலறையில் பிளீச் ஊற்றினேன். என்னைக் கடித்த கொசு அதற்கு முன் யாரைக் கடித்தது என்று விசாரிக்க வழியில்லையே என்று வருந்தினேன்.

பதினோராம் நாள் மாலை நான் தட்டைத் திருப்பியபோது வாசுகி கரண்டியை டமாரென்று வைத்தாள்.

"போதும் லா! மொத நாளே பாத்துட்டேன். அண்ணன் தட்டுல இருந்த ஸ்டிக்கர பிச்சி ஒங்க தட்டுல ஒட்டிட்டேன். இத்தன நாளா பொட்டு இல்லன்னு நம்பி நீங்க தின்னது அண்ணன் தட்டுல!"

"அலமாக்!" என்று நான் போட்ட சத்தத்தில் மச்சான் மாடியிலிருந்து ஓடிவந்தார். நெஞ்சுவலி என்று நினைத்து, கிளினிக்குக்கு ஓட நான் எடுத்த கார் சாவியைப் பிடுங்கி அவரே ஓட்டினார். பின்சீட்டில் இருந்த வாசுகி, நடந்ததை வழி நெடுக ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள்.

எனக்கும் எச்.ஐ.வி. ஒட்டிக்கொண்டது என்று நான் புலம்பியதும் டாக்டரம்மா கேட்டார்: "எப்படி ஒட்டியிருக்கும்னு நெனைக்கிறீங்க?"

"தட்டுல, டாக்டர்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "தட்டு, கிளாஸ், கக்கூஸ், கொசு, எதுலயும் ஒட்டாது. கட்டிப் புடிச்சாலும் ஒட்டாது. அது சரி, ரொம்ப தாகம் எடுக்குதா ஒங்களுக்கு? வந்ததுல இருந்து மூணு கிளாஸ் தண்ணி குடிச்சிட்டீங்க."

விரலில் குத்திப் பார்த்தார். அடுத்த வாரம் மறுபடி பார்த்து உறுதியும் செய்தார். எனக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி. யாரும் ஒட்டவைத்தது அல்ல, இனிப்பு தூக்கலான தே தாரேக் டீயை நானே குடித்துக் குடித்து வளர்த்தது.

அன்று மாலை கிளினிக்கை விட்டு வெளியே வந்ததும் மச்சான் மெதுவாகச் சொன்னார்: "பயமா இருந்தா எங்கிட்ட சொல்லியிருக்கலாம் லா, மாப்ள. நானே தனித் தட்டு வாங்கியிருப்பேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது விசேஷ நாட்களில் எங்கள் வீட்டில் ஒரே ஒருவருக்குத்தான் தனித் தட்டு. கைப்பிடிச் சோறு, மலைபோல் கீரை, பாயசம் கிடையாது. மச்சானே அதை ஏந்தி வந்து, கூடியிருக்கும் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் கேட்க அறிவிப்பார்:

"மாப்ள தட்டு வருது, தள்ளி நில்லுங்க! ஒட்டிக்கும்!"