காத்தவராயன் நடந்த நடை

"நாலு நாளா ஒரு வார்த்தையத் தேடிக்கிட்டு உக்காந்திருக்கீங்க பாய். மெட்ராஸ்ல இன்ஷூரன்ஸ்காரன் காத்துக்கிட்டு இருக்கான்" என்றார் மேனேஜர் சுப்புராயன்.

ஹிதாயத்துல்லா அகராதியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. விருத்தாசலத்தில் ஊறுகாய் ஜாடி செய்யும் அந்தச் சின்னக் கம்பெனியில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

போன வாரம் சூளையோரத்துச் சுவர் இடிந்து காத்தவராயனின் வலது காலை நசுக்கிவிட்டது. மெட்ராஸுக்கு அறிக்கை போக வேண்டும். என்ன எழுத வேண்டும் என்று மேனேஜரே சொல்லிவிட்டார்: ஈர ஜாடிகளைப் பலகையில் தூக்கிக்கொண்டு ஏடாகூடமாக நடந்து வந்தான், சுவரில் மோதினான், சுவர் விழுந்தது.

"அந்த ஏடாகூடம்தான் சார் ஒதைக்குது" என்றார் ஹிதாயத்துல்லா. "கிளம்ஸின்னு எழுதலாம். எழுதினா, கைகால் வாகில்லாதவன், எல்லாம் அவன் தப்புன்னு பைசல் பண்ணிடுவாங்க. புள்ளகுட்டிக்காரன்."

"அப்ப வேற எதையாச்சும் எழுதுங்க. இன்னிக்குத் தபால்ல போயாகணும்."

மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், தட்டின் முன் உட்காராமல் அரைமூட்டை அரிசியைத் தோளில் ஏற்றிக்கொண்டு கூடத்தில் இப்படியும் அப்படியும் நடந்தார்.

"எப்படி இருக்குது என் நடை?"

மனைவி ஜெரினா சோற்றுக் கரண்டியோடு வந்து பார்த்தாள். "சேத்துல மாட்டுன எருமை மாதிரி இருக்குது. மூட்டைய எறக்குங்க, இடுப்பு புடிச்சிக்கப் போவுது!"

"கனம் தெரியுதா?"

"தெரியுது."

"தப்பு தெரியுதா?"

"மூட்டையத் தூக்குனதுதான் தப்பு."

ஹிதாயத்துல்லாவுக்கு முகம் மலர்ந்தது. கனம் உண்டு, குற்றம் இல்லை. அதற்கு இங்கிலீஷில் 'லம்பர்' என்று ஒரு வார்த்தை இருந்தது. பாரத்தோடு ஆடி அசைந்து நடத்தல். காத்தவராயன் சூளையருகே லம்பரிங் செய்துகொண்டிருந்தார் என்று டைப் அடித்து, இரண்டு முறை படித்துப் பார்த்து அனுப்பினார்.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. மரம் அறுக்கும் வேலைக்குத் தங்கள் பாலிசி பொருந்தாது என்றும், ஜாடி செய்யும் இடத்தில் இவர் எந்த மரத்தை அறுத்துக்கொண்டிருந்தார் என்று தெரிவிக்கவும் என்றும் எழுதியிருந்தார்கள்.

ஹிதாயத்துல்லா அவசரமாக அகராதியைப் புரட்டினார். அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தமும் இருந்தது. அடுத்த பக்கத்தில்.

காத்தவராயனின் மனைவி வீராயி வாசலில் நின்றாள். அவளும் அதே கம்பெனியில்தான் ஜாடிக்கு மண் மிதிக்கிறாள்.

"காயிதம் வந்துச்சுங்களா பாய்?"

"வந்துச்சும்மா. சின்னதா ஒரு சந்தேகம் கேட்டிருக்காங்க."

"பாதம் கறுத்துப் போச்சுங்க. பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்கு எடுத்துக்கிட்டுப் போவச் சொல்றாங்க."

இனிமேல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் ஆகாது என்று ஹிதாயத்துல்லா தந்தி கொடுக்க ஓடினார். இந்த முறை அவர் கண்டுபிடித்திருந்தது 'பிளாடிங்'. களைத்துப்போய்க் காலை இழுத்து இழுத்து நடத்தல். அதற்கு இரண்டாவது அர்த்தம் கிடையாது, எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டார். ஃபாரம் எழுதினால் நேரமாகும் என்று வாயால் சொன்னார். கவுண்டரில் இருந்தவர் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். தமிழ் வாய்க்கு எல்லாம் ஒரே 'ட'. தந்தி 'பிளாட்டிங்' என்று போய்ச் சேர்ந்தது. அப்படியென்றால் சதி.

சுவரருகே தொழிலாளி சதி செய்துகொண்டிருந்தார் என்று மெட்ராஸில் படித்தவர்கள் சும்மா இருப்பார்களா? அந்த வருஷம் பல ஊர்களில் வேலைநிறுத்தம் வேறு. பாண்டிச்சேரியில் ஒரு போலீஸ்காரர் காத்தவராயனின் கட்டிலருகே வந்து நின்றார். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

"உன் கூட யாருய்யா இருந்தது?"

ஜுர வேகத்தில் காத்தவராயன், "கருப்பனும் நானும்தாங்க ஜோடி" என்றான்.

கருப்பன் அவனோடு ஜாடி அடுக்குகிறவன். அவனை விருத்தாசலம் ஸ்டேஷனில் ஒரு பகல் முழுக்கக் குந்த வைத்து, யார் யாரெல்லாம் உன் கட்சி என்று கேட்டு அனுப்பினார்கள். மறுநாளிலிருந்து அவன் வேலைக்கு வரவில்லை.

"ஒங்க இங்கிலீஷு கம்பெனிக்கே பூட்டு போட்டுடும் போலிருக்குது. மொதல்ல சொன்ன வார்த்தையையே எழுதுங்க!" என்று கத்தினார் சுப்புராயன்.

"அந்தப் பாவத்த என் கையால..."

"அப்ப அந்த வேலைக்கு வேற கை பாத்துக்கறேன்."

ஹிதாயத்துல்லா டைப் மிஷின் முன்னால் உட்கார்ந்தார். கடைசியாக ஒரு முறை அகராதியைத் திறந்தார். 'ஆக்வர்ட்' என்று ஒன்று கண்ணில் பட்டது. தருமசங்கடமான நிலை என்றும் அதற்குப் பொருள் போட்டிருந்தது. அது காத்தவராயனைவிடத் தனக்கே பொருத்தம் என்று நினைத்து அகராதியை மூடினார். 'கிளம்ஸி' என்று அடித்தார். ஆறெழுத்து. எந்த எழுத்தும் சிக்கவில்லை.

இதற்குமட்டும் நாலாம் நாளே பதில் வந்தது. கடிதமாக வரவில்லை, ஆபீசரே ரயிலேறி வந்துவிட்டார். அதற்குள் ஜுரம் இறங்காமலே காத்தவராயன் போய்ச் சேர்ந்து, அவனைக் கொண்டுவந்து அடக்கமும் செய்திருந்தார்கள். அதனால் வீராயியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

ஆபீசர் தன்மையான மனிதர். எழுந்து நின்று அவளுக்கு வணக்கம் சொன்னார். "இதுல தொழிலாளி மேலதான் தப்புன்னு முடிவாயிருக்கு. எப்படி நடந்துச்சுன்னு தமிழ்ல எடுத்துச் சொல்லி, ரேகை வாங்கிடுங்க பாய்."

மேனேஜர் மைப்பெட்டியைத் திறந்து வைத்தார்.

"வீராயி" என்றார் ஹிதாயத்துல்லா. "அதாவது, ஒன் வூட்டுக்காரரு பாரத்தோட வந்து... கொஞ்சம் வாகில்லாம..."

"புரியலீங்க பாய்."

ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். இங்கிலீஷில் கிடைக்காத வார்த்தை தமிழிலும் கிடைக்காமல், ஹிதாயத்துல்லா எழுந்தார். இல்லாத பலகையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். கால் பின்ன, இடுப்பு கோண, அறைக்குக் குறுக்கே தடுமாறித் தடுமாறி நடந்துபோய்ப் பீரோவில் மோதி நின்றார். பீரோ மேலிருந்த ஜாடி ஒன்று ஆடி அடங்கியது. யாரும் சிரிக்கவில்லை.

வீராயி அந்த நடையை முழுசாகப் பார்த்தாள்.

"யாரு நடைங்க பாய் இது?"

"ஒன் வூட்டுக்காரரு நடைம்மா. அன்னிக்கு நடந்தாரே, அது."

"அன்னிக்கு அவரு எங்கங்க நடந்தாரு? செவுத்தோரமா குந்தி, நான் போட்ட சோத்தத் தின்னுக்கிட்டுல்ல இருந்தாரு!"