கருமம் அண்ணன்

தனக்கு எத்தனை கோல் விழுந்தது என்று தெரியாத ஒரே கோல்கீப்பர் இந்த உலகத்தில் எங்கள் ஜோகுபாளையம் கருமம் அண்ணன்தான். ஐம்பதுகளில் ஒரு மெஷின் ஃபேக்டரியில் அவர் பெயின்டர், நான் டெம்பரரி ஃபிட்டர். இரண்டு பேரும் ஃபேக்டரி ஃபுட்பால் டீம்.

ஒரு ராமநவமிக்குக் கீதை உபன்யாசம் கேட்டுவிட்டு வந்தார். உன் கருமத்தைச் செய், பலன்மேல் கண் வைக்காதே என்றார்களாம். மனுஷர் அதை அப்படியே மைதானத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். பந்து வந்தால் பாய்வார். பாய்ந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு குப்புறக் கிடப்பார். பந்து வலைக்குள் போனதா என்று பார்க்க மாட்டார். அது பலனாம். ஒருமுறை ஐந்து கோல் வாங்கிவிட்டு, ஜெயித்தவர்களைத் தட்டிக்கொடுத்துத் தேற்றினார்.

எங்கள் கேப்டன் தலையில் அடித்துக்கொண்டு, "கருமம், கருமம்" என்பார்.

"அதத்தானப்பா பண்ணிக்கினு இருக்கேன்" என்பார் அண்ணன். பெயர் ஒட்டிக்கொண்டது.

அப்புறம் வந்தது ஷீல்டு ஃபைனல். ஜெயித்தால் டீமில் இருக்கும் டெம்பரரி ஆளைப் பர்மனென்ட் ஆக்குவதாக மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஆள் நான் ஒருவன்தான். பர்மனென்ட் ஆனால்தான் பெண் என்று அடுகோடி ஏரியாவில் ஒரு வருங்கால மாமனார் கறாராகச் சொல்லியிருந்தார். இன்று ஒருநாள் மட்டும் பலனை எதிர்பாருங்கள் அண்ணா என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அது பாவம் என்று சொல்லிவிட்டுக் கோலுக்குப் போய்விட்டார்.

ஒரு கோல் முன்னால் இருந்தோம். கடைசி நிமிடத்தில் அவர்களுக்குப் பெனால்டி. அண்ணன் பாய்ந்தார், விழுந்தார், கண்ணை மூடினார். பந்து அவர் வயிற்றுக்கடியில், கோட்டுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் நின்றுவிட்டது. அது தெரியாமல், கடமை முடிந்ததென்று அவர் எழுந்திருக்கப் பார்த்தார். எழுந்தால் பந்து உருண்டு உள்ளே போய்விடும். நான் ஓடிப்போய் அவர் முதுகின்மேல் படுத்துக்கொண்டேன். என்மேல் கேப்டன் விழுந்தார். அதே சமயம் விசிலும் ஊதிவிட்டது.

அடியிலிருந்து, மூடிய கண்ணைத் திறக்காமலே அண்ணன் முணுமுணுத்தார்.

"உள்ள போவலயே?"

"இல்லண்ணா."

"எனக்கில்லப்பா. ஒனக்கோசரந்தான் கேட்டேன்."

அந்த ஒரு கேள்வியால் அண்ணனுக்கு மோட்சம் தவறிப்போயிருந்தால், என் பங்கை அவருக்குக் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.