சூரியனைப் பூட்டி வைத்தவர்

நம்மிடையே ‘பத்திரசாலி’ என்று ஓர் இனம் உண்டு. பெயர் நான் வைத்ததுதான். ஆளை உங்களுக்குத் தெரியும். டி.வி. ரிமோட்டின் பாலிதீன் உறையைக் கிழிக்காதவர், சாலைக் கடைவீதியில் ஆசையாக வாங்கிய மிக்ஸியை அட்டைப்பெட்டியிலேயே வைத்துவிட்டு, தலையில் நாலு தட்டு தட்டினால்தான் ஓடும் பழையதில் சட்னி அரைக்கிறவர், விருந்தாளிக்கென்று ஒதுக்கிய கோப்பையை விருந்தாளிக்கும் எடுக்காதவர். கேட்டால், “இருக்கட்டுமே!” என்பார். எதற்கு இருக்கட்டும்? அதை மட்டும் கேட்கக் கூடாது.

இந்த இனத்தின் திலகம், கரமனை பஞ்சாபகேசன். திருவனந்தபுரத்தில் ஒரு வானாய்வு நிலையத்தின் ஆவணக் காப்பாளர். சூரியனின் பிம்பத்தைத் தாளில் விழவைத்து, அதிலுள்ள கரும்புள்ளிகளை அந்தக் காலத்தில் பென்சிலால் வரைந்த படங்கள் அங்கே அலமாரி அலமாரியாக இருக்கின்றன. எதிர்கால ஆராய்ச்சிக்காக அவற்றைத் தூசி தட்டி, உறையிலிட்டு, ஸ்கேன் செய்து, ஸ்கேனுக்கு நகலெடுத்து, நகலுக்கும் நகலெடுத்து, எல்லாவற்றையும் பூட்டி, ஜன்னலுக்குக் கறுப்புத் திரையும் போட்டுவிட்டார். வெயில் பட்டால் சூரியன் மங்கிவிடுமாம்!

ஆராய்ச்சி மாணவி ரெம்யாவுக்கு அந்தப் படங்கள் வேண்டும். பாறசாலைக்காரி. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் கெடு நெருங்கிவிட்டது. தவறினால் பட்டம் போச்சு.

“ஒருக்கா பாத்துட்டுத் தந்திருதேன் சார், கேட்டோ.”

“பாக்கறதுக்கா? நன்னாயிருக்கே! நூறு வருஷம் கழிச்சு வரப்போறவாளுக்குன்னா எடுத்து வச்சிருக்கேன்!”

“அவங்க வந்தா காட்டுவீங்களா?”

பஞ்சாபகேசன் யோசித்தார். “அவாளுக்கு அடுத்தவான்னு இருப்பாளோல்லியோ?”

பெண் சளைக்கவில்லை. பழைய சூரியன் கிடைக்காவிட்டால் போகட்டும், இன்றைய சூரியனை வைத்தாவது முடிக்கலாம் என்று வழிகாட்டியிடம் கெஞ்சிச் சம்மதம் வாங்கி, மழை விட்ட காலையிலெல்லாம் மொட்டைமாடியில் தொலைநோக்கியோடு காய்ந்து கறுத்து, தாள் தாளாக வரைந்தாள். ஒருநாள் பஞ்சாபகேசன் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். படங்களைப் பார்த்ததும் மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

“நன்னா வரஞ்சிருக்கேம்மா! இதைப் போய் வெளியில வைக்கலாமோ?”

அவள் சாயா குடித்துவிட்டு வருவதற்குள் அத்தனையும் உறைக்குள் போய், உறை அலமாரிக்குள் போய், சாவி அவர் இடுப்புக்குப் போய்விட்டது. நிலையத்தில் வரைந்தது நிலையத்துக்கே சொந்தமாம்.

“ஐயோ சாரே, அது நான் வரைஞ்சதாக்கும்!”

“அதனாலதான் சொல்றேன். உன் கை பட்டுண்டே இருந்தா அழிஞ்சுடாதோ?”

இதைக் கேள்விப்பட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தப் பெண்ணை நேரில் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. கெடு தவறிவிட்டது. வித்துராவில் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிறாள். படங்கள் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் சௌக்கியமாக இருக்கின்றன.

என்ன மனுஷன் இவர் என்று கொதிக்கிறீர்களா? எனக்கும் கொதிக்கிறது. தாராளமாகத் திட்டலாம். அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். முதல் சம்பளத்தில் உங்கள் மகள் வாங்கித் தந்தாளே ஒரு சட்டை, குண்டூசிகூடப் பிடுங்காமல் பீரோவில் கிடக்கிறதே, அதைப் போட்டுக்கொண்டு வாருங்கள். சேர்ந்து திட்டுவோம்.