வால்வு அண்ணாச்சியின் மூச்சு

தூத்துக்குடியில் வால்வு அண்ணாச்சி நுழைந்து பார்க்காத பழைய இரும்புக் கடை ஒன்று இருந்தால், அது அன்று காலையில்தான் திறந்த கடையாக இருக்கும்.

துறைமுகத்தில் கப்பலின் அடியைச் சுரண்டுவது, புரொப்பல்லரில் சிக்கிய வலையை அறுப்பது என்று தண்ணீருக்கடியில் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. முதுகில் ஸ்கூபா சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவன் நான். சிலிண்டர்களுக்குப் பொறுப்பு அண்ணாச்சி. எல்லாம் அரதப் பழசு. உடம்பு கல்லுக்குண்டாட்டம் இருக்கும், தலையிலிருக்கும் வால்வு மட்டும் ஒவ்வொன்றாக மண்டையைப் போடும். அந்த மாதிரி வால்வு செய்வதையே எந்தக் காலத்திலோ நிறுத்திவிட்டார்கள். புதுசு வாங்கலாமே என்றால் முதலாளிக்குக் காது கேட்காது.

செத்த வால்வு ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அண்ணாச்சி ஊரெல்லாம் ஜோடி தேடினார். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கூட இவ்வளவு அலைய மாட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கப்பலில் வேலை பார்க்கும் பையன்களை மாதா கோயில் வாசலிலேயே மடக்குவார். ஓய்வுபெற்ற கப்பல் இன்ஜினியர் ஒருவர் இறந்தபோது, துக்க வீட்டில் மாலையைப் போட்ட கையோடு, அப்பா பழைய சாமான் ஏதாவது விட்டுப் போயிருக்கிறாரா என்று மகனிடம் விசாரித்தார். அவர்களும் ஆளைக் கிளப்பினால் போதுமென்று ஒரு சாக்கு நிறையக் கொடுத்தனுப்பினார்கள். ஒன்றும் சேரவில்லை.

சில வால்வுகள் சேருவதுபோலப் பாசாங்கு செய்யும். திருகுகிற மரை துளி வித்தியாசப்பட்டாலும் காற்று ஏற்றும்போது பீரங்கிக் குண்டாகப் பறக்கும். தப்பித்தவறி உள்ளே கோளாறுள்ள வால்வு என்னோடு தண்ணீருக்குள் வந்தால் என் கதை முடிந்தது. அதனால் நாங்கள் "இது போதும் அண்ணாச்சி" என்று கெஞ்சிய வால்வுகளையெல்லாம் தூக்கி எறிந்தார்.

கடைசியில் மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றிப்போன தோணிக்காரர் ஒருவர் அங்கிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார். மரை கச்சிதமாகச் சேர்ந்தது. எங்களை வெளியே துரத்திவிட்டு அண்ணாச்சி தனியாகக் காற்று ஏற்றினார்.

மறுநாள் ஒரு இழுவைக் கப்பலின் புரொப்பல்லரில் வலை சுற்றிக்கொண்டது. முதலாளி அவசரப்படுத்தினார். அந்த வால்வு மாட்டிய சிலிண்டருக்கு நான் கையை நீட்டினால், அண்ணாச்சி அதைத் தன் முதுகில் கட்டிக்கொண்டு துறைமுகப் படியில் இறங்குகிறார். கடலில் அவர் கணுக்காலை நனைத்துக்கூட யாரும் பார்த்ததில்லை. நீச்சல் தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் ஒரு கையால் படியோரத்து இரும்பு வளையத்தைப் பிடித்து, மறு கையால் சிலுவை போட்டு, குழாயை வாயில் கவ்வி, கண்ணை இறுக மூடித் தலையை முக்கினார். மேலே முதலாளி கத்திக்கொண்டிருந்தார். கீழே குமிழி வந்துகொண்டே இருந்தது.

ஒருவழியாக எழுந்தவர் உப்புத் தண்ணீரைத் துப்பி, இருமி முடித்து, "காத்து சீராத்தாம்ல வருது. எறங்கு" என்றார்.

"நீச்சல் தெரியாம இது என்ன வேலை அண்ணாச்சி? நான் பாத்துக்கிட மாட்டனா?"

"வால்வ மாட்டுனவன் நான்லா," என்றார்.

நான் வலையை அறுத்துவிட்டு மேலே வரும்வரை, நனைந்த வேட்டியோடு அந்தப் படியிலேயே நின்று என் குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். எனக்கு அந்த மனுஷனை ரொம்பப் பிடிக்கும்.