பாவம் போதாத பாவி

என் மறுபிறப்புக்குப் பத்து நிமிடம் முன்புதான் என் வாழ்க்கையின் மிகப்பெரிய பொய்யைச் சொன்னேன். அதுவும் சபை முழுக்கக் கேட்கும்படி.

எண்பதுகளின் கடைசி. எனக்குப் பத்தொன்பது வயது. இரும்புலியூரில் இருந்த எங்கள் சின்ன சபைக்குச் சொந்தமாகத் தொட்டி கிடையாது. முடிச்சூரில் ஒரு விவசாயியின் பம்ப்செட் தொட்டியில்தான் ஞானஸ்நானம். (இன்று அந்த இடத்தில் மூன்று மாடிக் குடியிருப்பு.) அன்று சுற்றிலும் நெல் வயல், வரப்பெல்லாம் சபையார்.

தண்ணீரில் இறங்கும் முன் பழைய வாழ்க்கையைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் ஆட்டோ ஓட்டும் செல்வராஜ் அண்ணன். சாராயம், சீட்டு, கஞ்சா, அடிதடி என்று அவர் சொல்லச் சொல்ல வரப்பே அழுதது. பிறகு முழுகி எழுந்து, துண்டைப் போர்த்திக்கொண்டு ஓரமாக நின்றார்.

என் பாவங்களை மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். தங்கையின் பேனாவை உடைத்தது. ஜெபத்தில் தூங்கியது. இதற்காகவா ஆண்டவர் சிலுவை வரை போனார்? எனக்கே கூச்சமாக இருந்தது.

"நானும் கொடிய பாவிதான்" என்று ஆரம்பித்தேன். "தினமும் ரெண்டு மடக்கு கஞ்சா குடிச்சேன்!"

"ஐயோ!" என்றது கூட்டம். (அந்த ஒரு நொடி சுகமாகத்தான் இருந்தது.)

செல்வராஜ் அண்ணன் மெதுவாக, "தம்பி, அத்த இழுப்பாங்கப்பா. யாரும் குடிக்க மாட்டாங்க" என்றார்.

அம்மாவுக்கு அந்த வித்தியாசமெல்லாம் காதில் விழவில்லை. "காலேஜ் விட்டா அஞ்சரைக்கு வீட்ல இருப்பியேடா! எப்படா போன?" அப்பா இறந்தபோதுகூட எங்கள் முன்னால் கண்கலங்காதவர், சேற்று வரப்பில் அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

"அம்மா, பொய்ம்மா! கஞ்சா எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது. பாஸ்டர், மன்னிச்சிடுங்க. அண்ணன் சாட்சிக்கு முன்னாடி என்னோடது சின்னதா தெரிஞ்சுது."

இடுப்பளவு தண்ணீரில் நின்ற பாஸ்டர் என்னையே பார்த்தார். வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன்.

"கழுவறதுக்கு ஒண்ணும் இல்லாம வந்துட்டியோன்னு யோசிச்சேன். இப்பதான் சரியா இருக்கு. இறங்குப்பா."

எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவைத் தவிர. தண்ணீருக்குள் அந்தச் சிரிப்பும் அடங்கிப்போனது. எழுந்தபோது நான் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தேன். முகமெல்லாம் ஈரம், யாருக்கும் தெரியவில்லை. நெஞ்சு அவ்வளவு லேசாக இருந்ததை இன்றும் விளக்கத் தெரியவில்லை.

அம்மா முந்தானையால் என் தலையைத் துவட்டினார், கொஞ்சம் பலமாகவே. அதற்குப் பிறகும் இரண்டு வருடம் என் சட்டைகளை முகர்ந்து பார்த்துத்தான் துவைத்தார்.

செல்வராஜ் அண்ணன் என் கல்யாணத்தில் பெண் வீட்டாரிடம், "நம்ம மாப்ள கஞ்சாவையே டம்ளர்ல ஊத்திக் குடிச்சவரு!" என்று அறிமுகப்படுத்தினார். (டம்ளர் அவருடைய சொந்தச் சேர்க்கை.)

போன வருடம் என் மகளுக்கு ஞானஸ்நானம். சாட்சி எழுதிக்கொண்டிருந்தவளிடம், "என்னம்மா சொல்லப் போற?" என்று கேட்டேன்.

நிமிராமலே சொன்னாள்: "பயப்படாதீங்கப்பா. நான் பண்ணினத மட்டும்தான் சொல்லுவேன்."